ஒற்றைச் செருப்பு

கூரை ஓரத்துத் தகர வாய்க்கால் அடைத்துக்கொண்டு, மழைத்தண்ணீர் சுவர் வழியாகக் கூடத்துக்குள் இறங்கிவிட்டது.

யார் காரணம் என்று ரிடையரான குமாஸ்தா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பக்கத்து வீட்டு டெய்லரம்மா மரம்தான். இலையாக் கொட்டி அடைச்சுட்டுது. இன்னைக்கே வெட்டச் சொல்லி மனு எழுதறேன்."

"அந்த நிழல்லதான் அவ மெஷின் போட்டுப் பொழைக்கிறா. வயித்துல அடிக்காதீங்க," என்றாள் மனைவி, வாளியை நகர்த்திக்கொண்டே.

"நல்லவளா அவ? போன மாசம் கூரைமேல நின்ன பூனைமேல செருப்பை வீசினேனே, அது அவ பக்கம்தான் விழுந்துது. கேட்டா, வரவே இல்லைன்னு சாதிக்கிறா!"

"ஒத்தைச் செருப்பை வெச்சுக்கிட்டு அவ என்ன ஊர்வலமா போகப் போறா?"

அவர் மேஜையில் உட்கார்ந்து எழுதினார். 'வாய்க்காலை அடைத்தவர்: டெய்லரம்மா.' பதினாலு வருஷமாகப் பக்கத்து வீடு. பெயர் தெரியாது.

மனுவோடு வெளியே வந்தவர் திடுக்கிட்டார்.

சுவரில் அவருடைய ஏணி. உச்சியில், தலையில் சாக்குப் போட்டுக்கொண்டு டெய்லரம்மா. கீழே ஏணியைப் பிடித்தபடி அவர் மனைவி.

"யார் வீட்டுக் கூரையில யாரும்மா ஏறுறது?"

"கத்தாதீங்க," என்றாள் மனைவி. "ஞாயித்துக்கிழமை நீங்க லைப்ரரி போனதும் வந்து இலையை வாரிட்டுப் போறவ அவதான். ரெண்டு வருஷமா."

"என் மரத்து இலை சார். நான்தானே வாரணும்," என்றது மேலேயிருந்து குரல். "ஆனா இது இலை இல்ல. வேற என்னவோ தண்ணியில அடிச்சிட்டு வந்து குழாய் வாயில உக்காந்திருக்கு."

துணி வெட்டும் மர ஸ்கேலை உள்ளே விட்டு நெம்பினாள்.

தொப்.

அவர் காலடியில் விழுந்தது. குழாயில் தண்ணீர் கடகடவென்று இறங்கியது.

"அட, உங்க செருப்பு சார்! கெடச்சிடுச்சு!" நிஜமாகவே சந்தோஷப்பட்டாள்.

குமாஸ்தா செருப்பைப் பார்த்தார். மனுவைப் பார்த்தார். உள்ளே போனார்.

முப்பத்தாறு வருஷ ஆபீஸ் பழக்கம், காகிதத்தைக் கிழிக்க வரவில்லை. 'அடைத்தவர்' என்பதை மட்டும் அடித்தார். பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். மேலே திருத்தி எழுதினார்.

'வாய்க்காலைச் சரிசெய்தவர்: டெய்லரம்மா.'