நிற்காத நாற்காலி

"இந்த வாரமே அந்தத் தொழுவத்தை இடிச்சாகணும். நாத்தம் தாங்கலை!"

சொல்லி வாய் மூடவில்லை, துணைவேந்தர் சௌந்தரபாண்டியனின் ரோலிங் சேர் சன்னல் மூலையைப் பார்த்து நகர்ந்தது. காலை ஊன்றித் தள்ளி மேசைக்குத் திரும்பினார்.

எதிரே மாரிச்செல்வி நின்றாள். வளாகத்து மாடுகள் பன்னிரண்டும் அவள் பொறுப்பு. அவளுக்கு முன்னால் அப்பா கருத்தையா பார்த்த வேலை. தொழுவம் போனால் மாடுகள் ஏலத்துக்குப் போய்விடும்.

"வாயில்லா சீவனுகய்யா. பால் அம்புட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் போகுது..."

"ஐம்பதாவது ஆண்டு விழாவுக்கு வர்றவங்க மூக்கைப் பொத்திக்கிட்டா வரலாறு பார்ப்பாங்க?"

"என்ன வரலாறுய்யா?"

"சரியாப் போச்சு! நீ நிக்கிற இடம்தாம்மா பல்கலைக்கழகத்தோட முதல் வகுப்பறை. நிறுவனர் கரும்பும் கையுமா இந்த வாசல்ல நிக்கிற பழைய போட்டோ கிடைச்சுது. உடனே கல்வெட்டு வச்சு, ஆபீசையும் இங்கேயே மாத்திட்டேன். அந்தக் காலத்து ஆளுங்க மூளையைப் பாரு, ஏசித் தண்ணி வெளியே போக நாம ஓட்டை போடவே இல்லை. மூலையில தரையை ஒட்டி அவங்களே விட்டிருக்காங்க!"

சேர் மறுபடி நகர்ந்தது. "சனியன்! மூணு சேர் மாத்தியாச்சு."

இந்த அறைக்குள் மாரிச்செல்வி வருவது இதுதான் முதல் தடவை. தரையைப் பார்த்தாள். மூலை ஓட்டையைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயா, மாடு கட்டுற எடத்துல தரையை வாட்டமா, மூலையைப் பார்த்துச் சரிவாப் போடுவாக. அப்பத்தான் கோமியம் வடிஞ்சு மூலை ஓட்டை வழியா வெளிய போகும். எங்க தொழுவத்துல தரை கேரம்போர்டு கணக்கா சமமா இருக்கு. தேங்கி நாறாம என்ன செய்யும்?"

"அதை எவன் அப்படிக் கட்டினான்?"

"பிள்ளைக உக்காந்து படிக்கக் கட்டுனதாம்யா. வைக்கோலுக்குப் பின்னால செவத்துல கரும்பலகைகூட இருக்கு. புதுக் கட்டடம் வந்து வகுப்பு மாறவும், கூடம் சும்மா கெடக்குதேன்னு மாட்டை அங்க கொண்டு போனாகன்னு எங்கப்பா சொல்லுவாரு. அதுக்கு முன்னாடி மாட்டை எங்க கட்டுனாகன்னுதான் எனக்கு இம்புட்டு நாளாத் தெரியலை. அந்தப் போட்டோ மாட்டுப்பொங்கலுக்கு எடுத்ததா இருக்கும்யா."

சேர் மூலை வரைக்கும் போய் முட்டி நின்றது. துணைவேந்தர் காலை ஊன்றவே இல்லை.

"தொழுவத்தைத் தாராளமா இடிங்கய்யா" என்றாள் மாரிச்செல்வி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஆனா மொதல்ல நீங்க எந்திரிக்கணும்."