கயிறு பிடிப்பவர்

சூசைராஜ் எந்த முடிச்சையும் இருமுறை இழுத்துப் பார்க்கும் பழக்கம் உடையவர். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் இயக்கும் அவர், நாடகக் குழுவின் ஒத்திகைக்கு எல்லோருக்கும் முன்னதாகவே வந்துவிடுவார்.

அன்று ஒத்திகையில் முத்துக்குளிப்புக் காட்சி. கடலில் முத்துக் குளிப்பவராக நடிக்கும் அந்தோணியை மேடை உத்தரத்திலிருந்து கயிற்றில் இறக்கவேண்டும். கயிறு பிடித்திருந்த வில்சன் கைப்பேசியைப் பார்த்த நொடியில், அந்தோணி சரிந்து தரையில் வந்து விழுந்தார்.

சூசைராஜ் மேடைமீது பாய்ந்தார். "ஏலே, கயித்தப் பிடிக்கச் சொன்னா படமா பாக்க? குடுலே இங்கன!"

நாடகத்தைப் புதிதாக இயக்கவந்த லிங்கராஜ் குறுக்கே நின்றார். "அண்ணாச்சி, வந்த நாள்லேருந்து பாக்கேன், நீங்க அந்தோணி மூஞ்சில முழிக்கதில்ல. நேத்து சட்டையப் பிடிச்சிய. அவரு கயித்த உங்ககிட்ட குடுத்துட்டு நான் ஜெயிலுக்குப் போகவா?"

"பிடிச்சேன். இன்னும் பிடிப்பேன். எங்க அப்பா அடக்கத்துக்கு வராதவன் அவன்!"

"பொறவு உங்களுக்கு எதுக்குக் கயிறு?"

முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த அந்தோணியே பதில் சொன்னார்.

"அவருகிட்டயே குடுங்க சார். முத்துக் குளிச்ச காலத்துல, பொண்டாட்டி கூடப்பொறந்தவன் கையிலதான் கயித்தக் குடுப்பாவ. தங்கச்சி தாலிய நெனச்சாவது விடமாட்டான்லா? இவரு என் பொண்டாட்டிக்கு அண்ணன்."

லிங்கராஜ் விலகி வழிவிட்டார். சூசைராஜ் அந்தோணியின் முகத்தைப் பாராமலே, அவர் இடுப்பு முடிச்சை இருமுறை இழுத்துப் பார்த்தார்.

"அவன்கூட நான் பேசமாட்டேன்," என்றார் லிங்கராஜிடம். "கயித்த மட்டும் நான் பிடிக்கேன்."