டில்லிக்குப் பத்தாவது ஆள்

பழங்காநத்தம் ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள்.

கருத்தக்கண்ணன் சைக்கிள் மிதிப்பதை மெதுவாக்கினான். திருமங்கலத்திலிருந்து பத்து மைல் மிதித்து வந்தாயிற்று. இங்கே வந்தா காலை ஊன்றுவது?

ஊன்றினால் போச்சு. டில்லியே போச்சு.

தெப்பக்குளத்து சைக்கிள் குழுவில் ஒன்பது பேர் மார்கழி பிறந்ததும் டில்லிக்குக் கிளம்புகிறார்கள். பத்தாவதாக ஓர் ஆள் வேண்டும். தலைவர் துளசிராம் வைத்த பரீட்சை ஒன்றே ஒன்றுதான். திருமங்கலத்தில் மிதிக்கத் தொடங்கி, மதுரைக்குள் புகுந்து, தெப்பக்குளம் வரைக்கும் கால் தரையில் படாமல் வரவேண்டும்.

"மதுரைக்குள்ள காலை ஊனாம வந்துட்டான்னா, அவன் டில்லி என்ன, எங்கிட்டு வேணாலும் போயிருவான்" என்பது அவர் கணக்கு.

விடியற்காலையில் துளசிராம் திருமங்கலம் போய்ச் சேர்ந்தபோதே, இவன் மைல்கல்லில் ஒரு காலை வைத்தபடி சீட்டில் தயாராக உட்கார்ந்திருந்தான். 'ஆர்வம்னா இதுல்ல ஆர்வம்' என்று அவருக்கு மனசு குளிர்ந்துபோனது. கால் பட்டால் ஊதுவதற்கு விசிலை வாயில் வைத்துக்கொண்டு, தன் சைக்கிளில் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறார்.

கருத்தக்கண்ணன் இந்த இருபத்துநாலு வயசுக்குள் வைகையைத் தாண்டி வடக்கே போனதில்லை. பட்டாளத்திலிருந்து லீவில் வந்த மாமன்தான் ஆசையைக் கிளப்பிவிட்டவர். டில்லிக்குப் போகிற வழியில் கண்ணுக்கு எட்டும் மட்டும் கடுகு வயலாம். அம்புட்டும் மஞ்சள் பூவாம்.

இவன் பருத்தி விதைத்தவன், சோளம் அறுத்தவன். கடுகை மட்டும் அஞ்சறைப்பெட்டிக்குள்தான் பார்த்திருக்கிறான். அது பூத்து நிற்பதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பாவம், வேறொன்றும் கேட்கவில்லை அவன்.

கேட்டுக்கு முன்னால் வட்டம் போட்டான். லாரி வந்து நின்றது, வட்டம் சிறுத்தது. ரெண்டு மாட்டுவண்டி வந்து நின்றன, இன்னும் சிறுத்தது.

கீரைக்கூடையோடு நின்ற சின்னத்தாய் வேடிக்கை பார்த்துப் பார்த்துத் தலை சுற்றிப் போனாள்.

"ஏப்பா, என்ன செக்குமாடு கணக்கா சுத்துற?"

"காலை ஊனுனா டில்லி போச்சுக்கா!"

டில்லிக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. கூடையை இறக்கிவைத்தாள், கேரியரை எட்டிப் பிடித்தாள். "நீ ஊனாத சாமி. நாங்கள்லாம் எதுக்கு இருக்கோம்?"

லாரி கிளீனர் ஹேண்டில்பாரைப் பிடித்தான். வண்டிக்காரர் ஒருவர் இவன் இடுப்பை அணைத்துக்கொண்டார். நடுரோட்டில், கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான் கருத்தக்கண்ணன்.

துளசிராம் விசிலை எடுத்தார், யோசித்தார். கால்தான் படக்கூடாது. அடுத்தவர் பிடிக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. விசிலைப் பையில் போட்டுக்கொண்டார்.

கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து போய்த் தீருவதற்குள் யாரோ இவன் வாயில் ஒரு வெள்ளரிப்பிஞ்சைக்கூட ஊட்டிவிட்டார்கள். கேட் திறந்ததும் பின்னாலிருந்து ஆறு கைகள் தள்ளிவிட்டன.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பஸ்கள் மூக்கோடு மூக்கு உரசின. ஜட்கா குதிரை இவன் காதுக்குள் கனைத்தது. சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்த மாடு ஒன்று, தின்றது போதுமென்று திடீரென ரோட்டுக்கு வந்தது. போலீஸ்காரர் கையைக் காட்டினார். அந்தக் கைக்குக் கீழேயே குனிந்து நுழைந்துவிட்டான்.

கீழவாசலில்தான் வகையாக மாட்டிக்கொண்டான்.

யார் வீட்டுக் காதுகுத்தோ, தாய்மாமன் சீர் தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. முன்னால் மேளம், மாலை போட்ட கிடா, தாம்பாளத் தட்டோடு முப்பது நாற்பது பெண்கள். ஒதுங்க இடமில்லை. சீருக்கு நடுவிலேயே புகுந்து, மேளத்தின் நடைக்கு இம்மி இம்மியாக உருட்டினான். வேகமாகப் போவது யாருக்கும் வரும். ஆமை வேகத்தில் விழாமல் போவதற்குத்தான் உயிர் போகும்.

பழத்தட்டு வைத்திருந்த ஒருத்தி மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏ மாயக்கா, மாமன் சைக்கிளும் சீராக் கொண்டாந்திருக்காரு டோய்!"

"சைக்கிள் சரிடி. ஓட்டுறவனையும் சேத்தா குடுக்குறாக?"

தெருவே சிரித்தது. சிரிப்பில் ஹேண்டில்பார் ஆடியது, கிடாவின் கொம்பு முழங்காலில் உரசியது. அவன் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு மஞ்சள் பூவையே நினைத்துக்கொண்டிருந்தான். முனிச்சாலை முக்கில் சீர் இடதுபக்கம் திரும்ப, வழி விட்டது.

அதற்கப்புறம் நேர் ரோடு. தெப்பக்குளம்.

கரையில் குழுவின் மற்ற எட்டுப் பேரும் ரோஜா மாலையோடு நின்றார்கள். துளசிராம் தெருக்கோடி வரை கேட்கும்படி விசில் அடித்தார்.

"பத்தாவது ஆள் நீதான்டா மாப்ள! இறங்கு!"

கருத்தக்கண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக அவர்களைக் கடந்து போனான். குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினான்.

மாரியம்மன் கோயில் வாசலில் நின்றவர்கள் மெச்சிக்கொண்டார்கள். ஜெயித்தவன் மாலையைக்கூட வாங்காமல் அம்மன் குளத்தை வலம் வருகிறானே!

இரண்டாவது சுற்றும் வந்தான். ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது சுற்றில் யாரோ தேங்காய் உடைத்தார்கள். மாலை வைத்திருந்தவருக்குக் கை வலித்தது. துளசிராம் தன் சைக்கிளில் ஏறி, மிதித்து அவனை எட்டிப்பிடித்தார்.

"போதும்ப்பா பக்தி. எல்லாரும் காத்துக் கிடக்காக, இறங்கு."

கருத்தக்கண்ணன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"அண்ணே, ஊர்ல வைக்கப்போர்ல கொண்டுபோய் மோதித்தேன் இறங்குவேன். இங்க எங்கிட்டாச்சும் வைக்கப்போர் இருக்கா?"