தங்கமே தை

அம்பாசமுத்திரம் கீழத்தெருவில் முதல் பொங்கல் பானை சங்கரபாண்டியன் வீட்டு வாசலில்தான் பொங்க வேண்டும். பூமியில் மட்டுமா, நிலவின் குடியிருப்புகளில்கூட ஆண்டுதோறும் தொண்டை கிழியப் பாடுகிறார்களே, “தை தை தங்கமே தை, விடியும் முன்னே தை” என்று! தை மாதத்தை வேண்டி அந்தப் பாட்டை எழுதியவர் அவருடைய கொள்ளுத்தாத்தாவாம். பேரும் அதே சங்கரபாண்டியன். நாற்பது வருடமாக இதைச் சொல்லிச் சொல்லியே அவர் மீசை காதைத் தொட்டுவிட்டது.

இந்த வருடம் எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் சுவர்க்கேட்பான் என்ற கருவியை இரவல் வாங்கி வந்தாள். பழைய சுவரில் ஒட்டினால், சுவர் என்றோ கேட்ட பேச்சை அது திருப்பிச் சொல்லிவிடும்.

“ஒட்டு தாயி, ஒட்டு! எங்க கொள்ளுத்தாத்தா குரலை ஊரே கேக்கட்டும்,” என்றார் சங்கரபாண்டியன்.

தெருவே கூடி நிற்க, அவர் வீட்டுச் சுவர் செருமிக்கொண்டது. முதலில் தையல் மெஷின் சத்தம். பிறகு ஒரு பெண்ணின் அலறல்: “தை, தை, தங்கமே தை! விடியும் முன்னே தை! நாளைக்குப் பொங்கலு, ரவிக்கைக்கு இன்னும் கை வைக்கலியே, பாவி சங்கரபாண்டி!”

“ஊசி உடைஞ்சு போச்சு, பேச்சி. பொங்கல் கழிச்சு வாயேன்,” என்றது ஓர் ஆண் குரல்.

எதிர்வீட்டுக்காரிக்கு அந்தப் பேரை விட்டுப்போனதே அவள் கொள்ளுப்பாட்டிதான். தெரு சிரித்த சிரிப்பில் நாலு வீட்டுக் கரும்புக்கட்டு சரிந்தது. சங்கரபாண்டியன் தன் பானையைத் தூக்கிக்கொண்டு போய், அவள் வாசல் அடுப்பில் ஏற்றினார்.

அரிசி களைந்தபடியே பேச்சியம்மாள் கேட்டாள்: “பானை சரி, அண்ணாச்சி. நூத்தியிருபது பொங்கல் கழிஞ்சிட்டு. ரவிக்கை எங்க?”