கீழ்வீட்டு வாத்தியாரின் மீசை

சொர்ணத்துக்குக் காது மந்தமான பிறகு, கனகசபை எதையும் ஒருமுறைதான் சொல்வார். மனைவி "என்னங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்று கையை வீசிவிடுவார். கத்திக் கத்தி அவருக்கு அலுத்துவிட்டது. நாளடைவில் அவளும் கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பது அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

"காது கேக்காம ஒதுங்கி ஒதுங்கி உக்காந்தா மறதி இன்னும் கூடிடும் சார். இந்த மிஷினை மாட்டிவிட்டு நீங்க பேசிக்கிட்டே இருங்க," என்றார் டாக்டர்.

மாட்டினால் மிக்ஸி சத்தம் மண்டையைப் பிளக்கிறது என்று அவள் அதைக் கழற்றிக் கழற்றி வைத்தாள். இன்று மாலையும் அவர் எதையோ சொல்ல, "என்னங்க?" என்றாள். அவர் கை வழக்கம்போல எழுந்தது. பாதியில் அதைத் தாழ்த்தி, மிஷினை எடுத்து, அவளுடைய நரைமுடியை ஒதுக்கிக் காதில் பொருத்தினார்.

"கீழ்வீட்டு வாத்தியார் மீசையை எடுத்துட்டாரு. அவர் வளக்குற நாயே அவரைப் பாத்துக் குலைக்குது."

சொர்ணம் தோள் குலுங்கச் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க சொன்னீங்க?"

அதற்குள் மறந்துவிட்டாளா, இல்லை, இன்னொருமுறை சிரிக்க ஆசைப்படுகிறாளா? அவருக்குத் தெரியவில்லை. பெருமூச்சு விட்டபடி நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கீழ்வீட்டு வாத்தியார் இருக்காருல்ல..."