எண்ணூற்றைம்பது கிராம்

வீடு மாற்றிக் கொண்டுவந்ததில் அந்த ஏசியின் கேஸ் முழுவதும் போயிருந்தது. கோடையில் குளிரும் மலைக்குளிரில் சூடும் தருகிற ரகம் அது. மெக்கானிக் அருளப்பன் குழாய்களிலிருந்த காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, சிலிண்டரை எடை மெஷின்மேல் ஏற்றித் திறந்துவிட்டான். எண்கள் இறங்கத் தொடங்கின. அந்த வீட்டுப் பெண் நஸ்ரின் கைக்குழந்தையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள்.

“குறையுதேண்ணா!”

“இங்க குறைஞ்சாத்தாம்மா அங்க ஏறும். எண்ணூத்தம்பது கிராம் போகணும்.”

“இவ பொறந்தப்ப அவ்வளவுகூட இல்ல. அம்பத்தெட்டு நாள் ஆஸ்பத்திரில. தினம் காலைல மெஷின்ல நம்பர் ஏறினாத்தான் எனக்கு உசிரு வரும்.”

அருளப்பன் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கணக்காக எண்ணூற்றைம்பதில் மூடி, ஏசியை ஓடவிட்டான். சற்று நேரத்தில் அறைக்குள் இளஞ்சூடு பரவியது. நஸ்ரின் அதன் கீழே போய் நின்று, குழந்தையின் தலையிலிருந்த துணியை முதல்முறையாக விலக்கினாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அண்ணா, அந்த மெஷின்ல இவள ஒரு தடவ...”

அவன் சிலிண்டரை இறக்கிவைத்து, தட்டை இரண்டுமுறை துடைத்தான். அவள் துணி விரித்தாள். எண் நிலைகொள்ளும்வரை இருவரும் மூச்சுவிடவில்லை.

அடுத்து வருகிற மெக்கானிக்குக்காக, ஏற்றிய கேஸின் எடையை வெளி யூனிட்டின் மூடிக்குள் எழுதிவைப்பது அருளப்பனின் வழக்கம். தேதி போட்டு 850 என்று எழுதினான். கொஞ்சம் யோசித்து, கீழே 2310 என்று எழுதி, பக்கத்தில் சேர்த்தான்: ‘இது கேஸ் இல்லை.’