வலது கண்

கண்ணாடியைக் கழற்றச் சொன்னது மெஷின்.

அலுவலக வாசலில் பதித்து வைத்த ஒரு சாண் பெட்டி. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல். பெற்ற தாய்கூட அத்தனை பதவிசாகப் பேசமாட்டாள்.

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். நேற்று ரயில் நிலைய வாசலில் பேரம் பேசி வாங்கியது.

வலது கண் கோவைப்பழமாகச் சிவந்து, வீங்கி, முக்கால்வாசி மூடிக் கிடந்தது. விடியற்காலையில் வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றித்தான் இமையைப் பிரிக்கவே முடிந்தது. மெட்ராஸ் ஐ.

முகம் பொருந்தவில்லை, மீண்டும் முயலவும் என்றது குரல்.

முயன்றாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். விரலால் இமையைத் தூக்கிப் பிடித்தும் பார்த்தாள்.

பொருந்தவில்லை.

பின்னால் வரிசை நெளிந்தது. ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை பார்க்கிற பெண்கள். உள்ளே வரும்போது ஒரு தடவை, வெளியே போகும்போது ஒரு தடவை இந்தப் பெட்டிக்கு முகம் காட்ட வேண்டும். காட்டாத நாள் வராத நாள். தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் வேறு ஆள் வந்துவிடும். போன ஆடியில் சிக்குன்குனியாவில் படுத்த ஜெயக்கொடி எழுந்து வந்தபோது, அவளுடைய துடைப்பம் வேறொருத்தி கையில் இருந்தது.



மூன்றாம் மாடி ஹேமலதா மேடத்திடமிருந்து ஒட்டியதுதான் இந்தக் கண்வலி. திங்கட்கிழமை மேடம் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் போட்ட காகிதங்களை மேசைக்கடியிலிருந்து அள்ளியவள் இவள்தான். மத்தியானத்துக்குள் மற்ற ஸ்டாஃபெல்லாம் சேர்ந்து மேடத்தை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள், எங்களுக்கும் ஒட்ட வச்சிடாதே தாயே என்று சிரித்துக்கொண்டே. ஒரு வாரம் விடுப்பு, சம்பளத்தோடு. ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

மேடத்துக்குக் கண்வலியோடு லீவும் வந்தது. இவளுக்குக் கண்வலி மட்டும் வந்தது.

மேடத்தின் மேல் கோபம் ஒன்றுமில்லை. உடம்புக்கு வந்தால் படுக்கத்தானே வேண்டும்? பொறாமைதான் கொஞ்சம் இருந்தது, பொய் சொல்வானேன்.

சூப்பர்வைசர் தணிகைவேல் வந்தான். நல்ல பிள்ளை. ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்று சுவரைப் பார்த்துப் பேசினான்.

வீட்டுக்குப் போகச் சொல்லிவிடாதே தம்பி என்று கெஞ்சினாள்.

அவன் யோசித்தான். பெட்டியின் ஓரத்தில் எதையோ அழுத்தினான். பழைய போட்டோவை எடுத்துவிட்டு இப்போதிருக்கிற முகத்தையே புதிதாக ஏற்றிவிடலாம், ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாற்ற முடியும் என்றான்.

வருஷமாவது ஒன்றாவது. இன்றைக்குப் பிழைத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

வீங்கிய கண்ணோடு நின்றாள். ஒரு வெளிச்சம் அடித்து ஓய்ந்தது.

“நன்றி, பூங்காவனம்” என்றது குரல்.

பச்சை விளக்கு எரிந்தது. அவளுக்கு அந்தப் பெட்டியைத் திருஷ்டி கழித்துப் போட வேண்டும்போல் இருந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொள்ளச் சொன்னான் தணிகைவேல். மேலே யாரையும் நேருக்கு நேர் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னான்.

அது ஒன்றும் அவளுக்குப் புதிதில்லை.

ஐந்து மாடியையும் அந்தக் கண்ணோடுதான் கூட்டினாள். குனிந்தபோதெல்லாம் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தியது. ஹேமலதா மேடத்தின் காலி மேசையை மருந்துத் தண்ணீரால் இரண்டு தடவை துடைத்தாள். மேடம் திரும்பி வரும்போது மறுபடி ஒட்டிவிடக் கூடாதல்லவா.

அடுத்த செவ்வாய்க்கிழமை கண் தெளிந்துவிட்டது.

எழுந்ததும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். இரண்டு கண்ணும் ஒரே அளவு, ஒரே வெள்ளை. முகத்துக்குப் பவுடர் போட்டு, பொட்டு வைத்து, வழியில் ஒரு முழம் கதம்பம்கூட வாங்கி வைத்துக்கொண்டாள்.

பெட்டியின் முன்னால் வந்து நின்றாள்.

முகம் பொருந்தவில்லை என்றது.

சிரிக்காமல் நின்று பார்த்தாள். பொட்டை எடுத்துவிட்டுப் பார்த்தாள்.

பொருந்தவில்லை.

பின்னால் வரிசை நெளிந்தது. தணிகைவேல் தூரத்திலிருந்தே இரண்டு கையையும் விரித்தான். அன்றைக்கே சொன்னேனே என்கிற மாதிரி.

அவள் மறுபடி பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

பிறகு வலது கண்ணை மெல்லச் சுருக்கினாள். இன்னும் கொஞ்சம். கன்னம் மேலேறும்வரை.

“நன்றி, பூங்காவனம்.”

யாரோ பக்கத்தில் வந்து, சட்டென்று இரண்டடி தள்ளி நின்றார்கள். ஹேமலதா மேடம். விடுப்பு முடிந்து வந்திருந்தார். ஓய்வெடுத்த முகம் பளிச்சென்று இருந்தது.

“அடடா, உனக்கும் வந்துடுச்சா? பேசாம நாலு நாள் லீவு போட்டுட்டு வீட்ல இரேன்.”

அக்கறையாகத்தான் சொன்னார். அவள் தலையாட்டினாள். மேடம் லிஃப்டுக்குப் போனார்.

சாயங்காலம் வெளியே போகும்போதும் இதே மாதிரி செய்ய வேண்டும். நாளைக்கும். அதற்கு மறுநாளும். மறந்துவிடக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

இரண்டாம் மாடியில் கால் தடுக்கியபோதுதான், வலது கண் இன்னும் மூடியே இருப்பது தெரிந்தது.